மோக் சண்டையும் சம்பள பாக்கியும்

"லைடன்"ங்கிற பேரை முதன்முதலில் எங்கே கேள்விப்பட்டீங்க என்று நம்ம பதிவர்களைக் கேட்டால், பாதிப் பேர் "செப்பேடு" என்றுதான் சொல்வார்கள். ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தானே, அந்தச் செப்பேடு. நெதர்லாந்துக்குப் போய் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் 'லைடன் செப்பேடுகள்' என்று பெயரே ஒட்டிக்கொண்டது. எனக்கும் லைடன் அப்படித்தான் அறிமுகம்.

சரி, அந்தப் பல்கலைக்கழகம் எப்படி வந்தது என்று ஒருநாள் நோண்டப் போனேன். 1574-ல் ஸ்பெயின்காரர்களின் முற்றுகையில் பட்டினி கிடந்து தாக்குப்பிடித்த ஊர் அது, அதன் நினைவாக அடுத்த வருஷமே தொடங்கப்பட்டது என்று தெரிந்தது. அந்த முற்றுகை ஏன் இரண்டு தவணையாக நடந்தது என்று அடுத்த கேள்வி. அதைத் துரத்திக்கொண்டு போனால், லைடனிலிருந்து ரொம்ப தூரத்தில், மாஸ் நதிக்கரையில் இருக்கிற ஒரு குட்டி கிராமத்தில் போய் நின்றது. ஊர் பெயர் மோக். (மொக்கைப் பதிவுன்னு நினைச்சு ஓடிடாதீங்க, ஊர் பேரே அதுதான் :-))

1574 ஏப்ரல் 14-ம் தேதி அங்கே ஒரு சண்டை நடந்தது. டச்சுக் கலகக்காரர்களுக்கு மரண அடி. அவர்கள் தலைவருடைய இரண்டு தம்பிகள் ஒரே நாளில் போனார்கள். ஒரு படையே இல்லாமல் போனது. ஆனால் அந்த வெற்றியால் ஸ்பெயினுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் முன்கதை.

இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம் எல்லாம் அப்போது ஸ்பெயின் ராஜா இரண்டாம் பிலிப்புக்குச் சொந்தம். ராஜா இருப்பது மாட்ரிட் பக்கம். இங்கே வரிச்சுமை, புராட்டஸ்டன்டுகள் மேல் அடக்குமுறை, பழைய உரிமைகள் பறிபோகிற கோபம் என்று புகைந்துகொண்டே இருந்தது. 1566-ல் தேவாலயங்களில் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். அடுத்த வருஷம் பிலிப், ஆல்பா பிரபு என்பவரை ஒரு பெரிய படையோடு அனுப்பினார். மனுஷன் வந்ததும் வராததுமாக ஒரு விசேஷ நீதிமன்றம் போட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மரண தண்டனைக்கு அனுப்பினார். எக்மாண்ட், ஹோர்ன் என்ற இரண்டு பெரிய பிரபுக்களுக்கே 1568-ல் பிரஸ்ஸல்ஸ் நடுச்சந்தையில் தலை போனது.

தப்பித்து ஜெர்மனிக்குப் போனவர் ஆரஞ்சு இளவரசர் வில்லியம். நாசாவ் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அவருக்குக் கீழே நாலு தம்பிகள்: ஜான், லூயி, அடால்ஃப், ஹென்றி. அண்ணன் அரசியல் மூளை என்றால், லூயிதான் களத்தில் இறங்குகிற ஆள். துறுதுறு. பிரான்சில் ஆள் பிடிப்பது, பணம் புரட்டுவது, குதிரைப்படை திரட்டுவது எல்லாம் இவர் வேலை.

1568 மே மாதம் ஹைலிகர்லே என்ற இடத்தில் லூயி ஒரு சண்டையில் ஜெயித்தார். அதே சண்டையில் தம்பி அடால்ஃப் செத்துப்போனார். இரண்டே மாதத்தில் யெம்மிங்கனில் ஆல்பா நேரில் வந்து லூயியின் படையைத் துவம்சம் செய்தார். எம்ஸ் ஆற்றில் நீந்தித்தான் லூயி தப்பித்தார். 1572-ல் மறுபடி வந்து மான்ஸ் நகரத்தைப் பிடித்தார். பிரான்சிலிருந்து உதவி வரும் என்று காத்திருந்தால், பாரிஸில் பார்த்தலோமியூ திருநாள் படுகொலை. உதவி செய்வதாகச் சொன்னவர்களே செத்துவிட்டார்கள். மான்ஸும் கைவிட்டுப் போனது. விழுவார், எழுந்திருப்பார், மறுபடி கடன் வாங்கி ஒரு படையோடு வந்து நிற்பார். லூயி அந்த ஜாதி.

இப்போது 1574. கலகக்காரர்கள் கையில் இருந்தது ஹாலந்து, ஸீலாந்து என்ற இரண்டு மாகாணங்களில் சில ஊர்கள்தான். ஆல்பா போய், ரெக்கெசென்ஸ் என்ற புது ஆளுநர் வந்திருந்தார். ஸ்பானியப் படைகள் முந்தின அக்டோபரிலிருந்து லைடனைச் சுற்றி வளைத்து உட்கார்ந்திருந்தன. அண்ணனும் தம்பியும் போட்ட திட்டம் இது: லூயி ஜெர்மனியிலிருந்து கிழக்கு வழியாக ஒரு படையோடு நுழைய வேண்டும். முடிந்தால் மாஸ்ட்ரிக்ட் நகரத்தைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மாஸ் நதியை ஒட்டியே வடக்கே வந்து, பொம்மல் பக்கம் படையோடு காத்திருக்கும் வில்லியமுடன் சேர்ந்துகொள்ள வேண்டும். எப்படியானாலும் லைடனைச் சுற்றியிருக்கும் ஸ்பானியர்கள் அதை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஓடி வரத்தானே வேண்டும்?

ஓடித்தான் வந்தார்கள். மார்ச் 21-ம் தேதி லைடன் முற்றுகையைக் கலைத்துவிட்டுக் கிளம்பினார்கள். திட்டத்தில் பலித்தது அந்த ஒரு பாதி மட்டும்தான்.

மாஸ்ட்ரிக்ட் கிடைக்கவில்லை. ஸ்பானியர்கள் முந்திக்கொண்டு உள்ளே ஆட்களை இறக்கிவிட்டார்கள். லூயியின் முகாம்மேல் ராத்திரித் தாக்குதல் வேறு, நூற்றுக்கணக்கில் ஆள் சேதம். குளிர், பசி. எல்லாவற்றுக்கும் மேலே சம்பளம் இல்லை. லூயியின் படையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் கூலிப்படையினர். மாதச் சம்பளத்துக்குச் சண்டை போடுகிறவர்கள். பணம் வரவில்லை என்று ராத்திரியோடு ராத்திரியாக நழுவ ஆரம்பித்தார்கள். இன்னொரு அண்ணன் ஜான், படைக்குப் பணம் புரட்டுவதற்காக கொலோன் பக்கம் போனார். அப்படிப் போனதால்தான் அவர் உயிரோடு இருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

ஆற்றின் கிழக்குக் கரையில் லூயி வடக்கே நகர, மேற்குக் கரையில் கூடவே நிழல்போல நகர்ந்து வந்தது சாஞ்சோ டே ஆவிலாவின் ஸ்பானியப் படை. ஆவிலா பழுத்த அனுபவசாலி. லூயியை முந்திக்கொண்டு போய், கிராவே என்ற இடத்தில் படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போட்டு, ஆற்றைக் கடந்து முன்னால் போய் நின்றுகொண்டார். இடது பக்கம் ஆறு, வலது பக்கம் மேடு, எதிரே ஆவிலா. பொம்மலில் காத்திருந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே இனி இவரைத் தாண்டாமல் வழி இல்லை. அந்த இடம்தான் மோக்.

கணக்குப் பார்த்தால் லூயிக்குத்தான் ஆள் அதிகம். சுமார் ஆறாயிரம் காலாட்படை, இரண்டாயிரம் குதிரை. ஆவிலாவிடம் காலாட்படை நாலாயிரம் ஐயாயிரத்துக்குள், குதிரை ஆயிரத்துக்கும் குறைவு. ஆனால் மோக்கில் இடம் குறுகல். ஆற்றுக்கும் மேட்டுக்கும் நடுவே அவ்வளவு குதிரையையும் பரப்பி நிறுத்த வழியே இல்லை. லூயி கிராமத்தை ஒட்டி அகழி வெட்டிக் காலாட்படையை அதன் பின்னால் நிறுத்தினார். குதிரைப்படை மேட்டுப் பக்கம். அன்று காலையிலும் "காசு எங்கே?" என்ற சத்தம் ஜெர்மன் வரிசைகளில் அடங்கவில்லை.

ஸ்பானியக் காலாட்படை நேராக அகழிமேல் விழுந்தது. கொஞ்ச நேரம் இழுபறி. ஒருமுறை லூயியின் ஆட்கள் அவர்களைத் தள்ளியும் விட்டார்கள். பின்னாலிருந்து புது ஆட்கள் வந்து சேர்ந்ததும் அகழி விழுந்தது. காலாட்படை சிதற ஆரம்பித்தது.

லூயி குதிரைப்படையோடு பாய்ந்தார். ஸ்பானியர்களின் முன்வரிசைக் குதிரைக்காரர்கள் தெறித்து ஓடினார்கள். ஓடினவர்கள் "நாம தோத்தாச்சு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினார்களாம்! ஆனால் அந்தக் காலத்து ஜெர்மன் குதிரைவீரர்களின் சண்டை முறையில் ஒரு ஓட்டை இருந்தது. கிட்டே போய்க் கைத்துப்பாக்கியைச் சுடுவார்கள். பிறகு திரும்பிப் பின்னால் போய் மருந்து கெட்டிப்பார்கள். அப்படித் திரும்பி நிற்கும்போது ஸ்பானியப் பக்கத்து ஈட்டிக் குதிரைப்படை வந்து மோதியது. அதோடு வரிசை உடைந்தது.

எல்லாம் முடிந்தது என்று தெரிந்தபோது லூயி, தம்பி ஹென்றி, அவர்களோடு இருந்த பாலட்டினேட் இளவரசர் கிறிஸ்டோபர் மூவரும் மிச்சமிருந்த கொஞ்சம் பேரைச் சேர்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் கடைசியாக ஒருமுறை பாய்ந்தார்கள். மூவரையும் அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

லூயிக்கு வயசு 36. ஹென்றிக்கு 23. உடல்கள் கிடைக்கவே இல்லை. களத்தில் வெட்டுப்பட்டார்களா, ஆற்றில் போனார்களா, பிணங்களின் துணிமணியை உருவும் கூட்டம் அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிட்டதா, இன்றுவரை தெரியாது. அன்று கலகப்படையில் செத்தவர்கள் சுமார் மூவாயிரம் பேர். சதுப்பில் மாட்டியும் ஆற்றில் மூழ்கியும் போனவர்கள் நிறைய.

பொம்மலில் காத்திருந்த வில்லியமுக்குத் தம்பிகள் உயிரோடு இருக்கிறார்களா என்று வாரக்கணக்கில் உறுதியான தகவல் இல்லை. வருவார்கள் வருவார்கள் என்று பார்த்து, மே மாத வாக்கில்தான் மனசைத் தேற்றிக்கொண்டார். அம்மா ஜூலியானா உயிரோடு இருந்தார். அவருக்கு இது இரண்டாவது, மூன்றாவது பிள்ளைச் சாவு, ஒரே போரில். நெதர்லாந்தின் தேசிய கீதத்தில் வில்லியமே பேசுவதுபோல வரும். அதில் அடால்ஃபின் சாவு பற்றி வருகிறது, லூயி, ஹென்றி பற்றி இல்லை. அந்தப் பாட்டு மோக் சண்டைக்கு முன்பே எழுதப்பட்டதுதான் காரணம் என்கிறார்கள்.

ஆனால் டச்சு மொழி மோக்கை மறக்கவில்லை. பிடிக்காத ஆளைப் பார்த்து "நீ மோக் பொட்டலில் போய் இருந்தால் தேவலை" என்று சபிக்கிற வழக்கு ஒன்று அங்கே உண்டு. நம்ம ஊர் "நீ உருப்படுவியா" மாதிரி. நானூறு வருஷம் தாண்டியும் ஒரு தோல்வி வசைச்சொல்லாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அடி எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்.

இதுவரை கேட்டால் ஸ்பெயின் கதையை முடித்துவிட்டது என்றுதானே தோன்றும்? வில்லியமிடம் இனி களத்துக்கு அனுப்பப் படை இல்லை, தளபதி இல்லை, கடன் கொடுக்க ஆள் இல்லை. எதிரே இருப்பது ஐரோப்பாவிலேயே சிறந்த காலாட்படை, அதுவும் இப்போதுதான் ஜெயித்த சூட்டோடு.

மறுநாள், ஏப்ரல் 15. ஜெயித்த ஸ்பானிய வீரர்கள் தங்கள் அதிகாரிகளிடம் "இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டோம், பாக்கியைக் கொடு" என்றார்கள்.

அவர்களுக்கு வர வேண்டிய சம்பளம் மூன்று வருஷத்தை ஒட்டி நிலுவை. அவ்வப்போது ரொட்டியும் கொஞ்சம் சில்லறையும் கிடைத்தன, அவ்வளவே. அந்த வசந்தத்தில் பிலிப்பின் ஃபிளாண்டர்ஸ் படை காகிதத்தில் 80,000-க்கும் மேல். அதே சமயம் மத்தியதரைக் கடலில் துருக்கியரோடும் சண்டை. அமெரிக்காவிலிருந்து வெள்ளி கப்பல் கப்பலாக வந்தாலும், வருகிற வெள்ளிக்கு முன்பே வட்டிக்காரன் வாசலில் நின்றான். ஆக, சண்டை போட ஆள் இருந்தது, கூலி கொடுக்கப் பணம் இல்லை.

இந்தக் கலகங்கள் நாம் நினைக்கிற மாதிரி காட்டுக்கூச்சல் இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அதிகாரிகளை விரட்டிவிட்டு வீரர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்கு 'எலெக்டோ' என்று பெயர். ஆலோசனைக்கு ஒரு குழு. ஒழுங்கை மீறினால் தண்டனை. பக்கத்தில் ஒரு பணக்கார ஊராகப் பார்த்து உட்கார்ந்து, பாக்கி வரும்வரை அந்த ஊர் செலவில் சாப்பிடுவார்கள். ஏறக்குறைய ஆயுதம் தாங்கிய தொழிற்சங்கம்.

மோக்கில் ஜெயித்தவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் ஆண்ட்வெர்ப். ஐரோப்பாவின் பெரிய வியாபார நகரம். ஏப்ரல் கடைசியில் உள்ளே நுழைந்து வீடு வீடாகத் தங்கிவிட்டார்கள். ரெக்கெசென்ஸ் கெஞ்சினார், கத்தினார். கடைசியில் நகரத்தாரிடமே பெருந்தொகை வாங்கிக் கணக்குத் தீர்க்க மே மாதம் முடிந்துவிட்டது.

இங்கே என் சொந்தக் கதை கொஞ்சம். (கதை இல்லாமல் பதிவு எழுதினால் கை நடுங்குது.) வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். மூன்று மாதம் சம்பளம் இல்லை. "இந்த ஆர்டர் மட்டும் முடியட்டும்" என்பார் முதலாளி. ராப்பகலாக உட்கார்ந்து முடித்தோம். முடித்த அன்று எல்லோருக்கும் லட்டு. அடுத்த திங்கட்கிழமை ஏழு பேர் வேலைக்குப் போகவில்லை. நானும் ஒருத்தன். "ஜெயிச்ச நேரத்துல காலை வாரிட்டீங்களே" என்று முதலாளி போனில் அழாத குறை. எனக்கு ரொம்ப நாள் உறுத்தல் இருந்தது. எங்களோடு வராமல் நின்ற டிரைவர் அண்ணனிடம் அன்றே இதைச் சொன்னேன். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வட்டிக்கு வாங்கியிருந்தவர் அவர். "தம்பி, வேலை பாதியில நிக்கும்போது கேட்டா முதுகுல குத்தினவன்னு பேரு வரும். முடிச்சுக் கொடுத்துட்டுக் கேட்டா நம்ம பக்கம் நியாயம் இருக்கு. நீங்க செஞ்சதுதான் சரி" என்றார்.

ஸ்பானிய வீரர்கள் ஏன் சண்டைக்கு முந்தின நாள் முரண்டு பிடிக்காமல் மறுநாள் பிடித்தார்கள் என்று படித்தபோது எனக்கு அந்த அண்ணன் முகம்தான் வந்தது. எதிரி எதிரே நிற்கும்போது சம்பளம் கேட்டால் கோழை என்று பெயர். அந்தப் பெயரை அவர்கள் தாங்க மாட்டார்கள். ஜெயித்துக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்ற தைரியத்தில் கேட்டார்கள். அவர்களுடைய மானமும் அவர்களுடைய கலகமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. மாட்ரிட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்களுக்கு அது கடைசிவரை புரியவில்லை.

மறுபக்கம் லூயியின் ஜெர்மானியர்கள் சண்டைக்கு முன்பே கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஓட்டைதான். அது ஒருவனுக்குக் களத்தில் தோல்வி, இன்னொருவனுக்கு ஜெயித்த பிறகு தோல்வி.

லைடனுக்குத் திரும்புவோம். மார்ச் 21-ல் போன முற்றுகைப்படை மே 26-ல்தான் திரும்பி வந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் இடைவெளி. லூயி தன் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்த அவகாசம் என்றே சொல்லலாம். ஆனால் லைடன்காரர்கள் அதை என்ன செய்தார்கள் தெரியுமா? தானியம் சேர்த்து வையுங்கள் என்று வில்லியம் எச்சரித்தும் போதுமான அளவு சேர்க்கவில்லை. ஊரைச் சுற்றி ஸ்பானியர்கள் விட்டுப்போன காவல் அரண்களை ஒழுங்காக இடிக்கவும் இல்லை. ஆபத்து போயே போச்சு என்று நினைத்துவிட்டார்கள். அந்த அலட்சியத்துக்கு ஆயிரக்கணக்கான உயிர்கள் பட்டினியிலும் கொள்ளைநோயிலும் போயின.

ஆனாலும் ஊர் விழவில்லை. வில்லியமிடம் படை இல்லை, கடல் இருந்தது. ஆகஸ்டில் அணைகளை வெட்டிவிட்டார்கள். ஊரை விட்டு எதிரி போக வேண்டும் என்று தங்கள் வயலையே தண்ணீரில் மூழ்கடித்தார்கள். அந்த மாதம் வில்லியமே கடும் காய்ச்சலில் சாகக் கிடந்தார். தட்டையான படகுகளோடு காத்திருந்த கடற்படைக்குத் தண்ணீர் போதவில்லை. வாரக்கணக்கில் இழுத்து, கடைசியில் புயல்காற்று கடலை உள்ளே தள்ளியது. அக்டோபர் 2 ராத்திரி ஸ்பானியர்கள் தண்ணீருக்குப் பயந்து கிளம்பிவிட்டார்கள். 3-ம் தேதி காலை படகுகள் ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியுமாக ஊருக்குள் வந்தன. இன்றும் அக்டோபர் 3 அன்று லைடனில் அதையே சாப்பிட்டுக் கொண்டாடுகிறார்கள். 1575 பிப்ரவரி 8-ல் பல்கலைக்கழகம் திறந்தது.

ஏப்ரல், மே மாதங்களில் அந்த அனுபவசாலிக் காலாட்படை ஆண்ட்வெர்ப்பில் குந்தியிருக்காமல் நேரே ஹாலந்துக்குள் நடந்திருந்தால் லைடன் விழுந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தானியமும் சேர்க்காமல், தற்காப்பும் இல்லாமல் ஊர் கிடந்த நாட்கள் அவைதான். படையும் தளபதியும் இல்லாமல் வில்லியம் தம்பிகளைப் பற்றிய சேதிக்குக் காத்திருந்த நாட்களும் அவையே.

பிலிப் பாடம் கற்றாரா? 1575 செப்டம்பரில் கடனைத் திருப்ப முடியாது என்று அறிவித்தார். கடன் கொடுப்பவர்கள் கையை விரித்துவிட்டார்கள். 1576-ல் ரெக்கெசென்ஸ் இறந்துபோக, மறுபடி சம்பளம் இல்லாத வீரர்கள் கலகம். இந்தமுறை எலெக்டோவின் ஒழுங்கெல்லாம் காற்றில் போனது. நவம்பர் 4-ல் ஆண்ட்வெர்ப் சூறையாடப்பட்டது. ஆயிரக்கணக்கில் கொலை, நகரத்தின் ஒரு பகுதி சாம்பல். அப்போது ஆண்ட்வெர்ப் கோட்டைக்குத் தளபதி யார் தெரியுமா? மோக்கில் ஜெயித்த அதே சாஞ்சோ டே ஆவிலா. நாலே நாளில், நவம்பர் 8-ல், அதுவரை ராஜாவுக்கு விசுவாசமாக இருந்த மாகாணங்களும் ஸ்பானியப் படை வெளியேற வேண்டும் என்று கெண்ட் நகரில் கலகக்காரர்களோடு சேர்ந்து ஒப்பந்தம் போட்டன. லூயி திரும்பத் திரும்பப் படையெடுத்தும் செய்ய முடியாததை, சம்பள பாக்கி செய்து கொடுத்தது.

அடுத்தமுறை யாராவது லைடன் செப்பேடு பற்றி எழுதினால், அந்தப் பெயருக்குப் பின்னால் மூழ்கின வயல்களும், மாஸ் நதிக்கரையில் கல்லறைகூட இல்லாமல் போன இரண்டு சகோதரர்களும் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். நான் நினைத்துக்கொள்கிறேன்.

பி.கு: அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு வர வேண்டிய மூன்று மாதச் சம்பளம் வந்ததா என்று கேட்காதீங்க. பக்கத்தில் ஆண்ட்வெர்ப் மாதிரி பணக்கார ஊர் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை :-(